'புட் ஆஃப்' என்றால் என்ன?

(ஜொகூர் பாருவில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நான் கேள்வி கேட்பவள். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'ஆங்கிலம் படித்தும் தடுமாறுவது ஏன்?' என்பது. இதற்கு நான் புத்தகத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அண்ணன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்பவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போகிற ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர். கைத்திறன் நிறைய உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மேலாளர் தொலைபேசியில் அழைத்து, இரண்டாம் எண் இயந்திரத்தின் சர்வீஸ் வேலையை 'புட் ஆஃப் டில் மண்டே' என்றார். திங்கட்கிழமை வரை தள்ளிப் போடு என்பது அதன் பொருள். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? இயந்திரத்தை நிறுத்திவிட்டார். திங்கள் வரை அதை 'ஆஃப்' செய்து சர்வீஸ் பார்க்கச் சொன்னதாகப் புரிந்துகொண்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த இயந்திரம் ஓடவில்லை. திங்கட்கிழமை அண்ணன் கையில் எச்சரிக்கைக் கடிதம். வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, 'புட் ஆஃப் த லைட்'னா விளக்கை நிறுத்துறதுதானே? அப்புறம் நான் செஞ்சதுல என்ன தப்பு?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதும் சரிதான்.

கடிதத்தைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது அதன் பிறகு நடந்தது. வேலையிடத்துக் கூட்டங்களில் அண்ணன் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். எதற்கும் 'யெஸ்', 'ஓகே' இரண்டே சொல்தான். புரியாமல் சொல்லும் 'யெஸ்' இருக்கிறதே, அது தப்பாகப் புரிந்துகொள்வதைவிட ஆபத்தானது.

நானும் தடுக்கி விழுந்தவள்தான்

அண்ணனை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. 2003-ஆம் ஆண்டு நான் படிவம் ஒன்றில் காலடி வைத்தேன். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் அந்த ஆண்டுதான் முதலாம் ஆண்டிலும், படிவம் ஒன்றிலும், கீழ்நிலை ஆறாம் படிவத்திலும் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் முதல் தொகுதி மாணவர்களில் நானும் ஒருத்தி. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எனக்கு 'எவாப்பரேஷன்' போன்ற பெரிய சொற்கள் பயமாக இருக்கவில்லை. ஆவியாதல் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். என்னைக் கவிழ்த்தது 'கேரி அவுட் த எக்ஸ்பெரிமென்ட்' என்ற ஒரு வரிதான்.

'கேரி' என்றால் தூக்கு. 'அவுட்' என்றால் வெளியே. நான் சோதனைக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வெளியே போய் நின்றேன்! பரிசோதனையைச் செய் என்பதுதான் அதன் பொருள் என்று வகுப்பு முழுக்கச் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக 2009-இல் அரசாங்கம் அறிவித்தது. பிறகு அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. அது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. கடினமான சொல்லை யாராவது நமக்கு விளக்குவார்கள், அகராதியும் விளக்கும். 'கேரி', 'அவுட்', 'புட்', 'ஆஃப்' போன்ற எளிய சொற்களோ நமக்குத் தெரியும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். இரண்டு எளிய சொற்கள் கைகோத்து மூன்றாவதாக ஒரு பொருளைத் தரும்போது நாம் ஏமாந்து போகிறோம்.

இது பழைய தொல்லை

இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் 'ஃபிரேசல் வெர்ப்' என்று பெயர். நாம் கூட்டுவினை என்று வைத்துக்கொள்வோம். இதில் தடுமாறுவது நம் இனத்துக்கு மட்டும் வாய்த்த குறை என்று யாரும் தலை குனிய வேண்டாம். 1755-இல் லண்டனில் சாமுவேல் ஜான்சன் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டார். வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும் இந்த முறைதான் அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய தொல்லை என்று அதன் முன்னுரையிலேயே அவர் எழுதினார். 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் தம் நூலில் பயன்படுத்தினார்.

1985-இல் இஸ்ரேலைச் சேர்ந்த டாகுட், லாஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் ஹீப்ரு மொழி பேசும் மாணவர்களைச் சோதித்தார்கள். அந்த மொழியில் இத்தகைய கூட்டுவினை கிடையாது. ஆகவே அந்த மாணவர்கள் அவற்றைத் தவிர்த்துவிட்டு ஒற்றைச் சொல் வினைகளையே நாடினார்கள் என்று கண்டார்கள். நம் பிள்ளைகளும் 'போஸ்ட்போன்' என்று எழுதுவார்கள். 'புட் ஆஃப்' என்று பேச மாட்டார்கள். எழுதும்போது ஒதுங்கிப் போகலாம். ஆனால் எதிரில் இருப்பவர் பேசும்போது ஒதுங்க முடியாதே!

நம் வாயில் இல்லாததா?

இங்கேதான் நான் ஒரு நல்ல செய்தி சொல்ல விரும்புகிறேன். ஹீப்ரு மாணவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. தமிழில் கூட்டுவினைகளுக்குப் பஞ்சமே இல்லை.

'விட்டுக்கொடு' என்கிறோம். விடுவதும் கொடுப்பதுமா அது? இல்லை. பிறருக்காக இணங்கிப் போவது. 'காட்டிக்கொடு' என்கிறோம். ஒன்றைக் காட்டிவிட்டுக் கையில் கொடுப்பதா? இல்லை, துரோகம். 'கண்டுபிடி' என்பதில் யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரர் இவற்றைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வார். நமக்கோ தாய்ப்பாலோடு வந்த சொற்கள்.

இப்போது அண்ணனின் 'புட் ஆஃப்' என்பதைப் பாருங்கள். 'புட்' என்றால் போடு. 'ஆஃப்' என்றால் அப்பால், தள்ளி. சேர்த்துச் சொன்னால் தள்ளிப் போடு! ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. 'லுக் ஆஃப்டர்' என்பதில் 'லுக்' என்றால் பார். தமிழிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றுதான் சொல்கிறோம். அண்ணனுக்குத் தேவையான திறவுகோல் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்துப் பயன்படுத்த யாரும் சொல்லித் தரவில்லை.

மரபுத்தொடர்களும் அப்படித்தான். தமிழ்ப்பள்ளியில் மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி என்று ஆண்டுதோறும் படிக்கிறோம். மலாய்மொழிப் பாடத்தில் 'சிம்புலான் பஹாசா' படிக்கிறோம். தமிழில் முதலைக் கண்ணீர் என்கிறோம். மலாயில் 'ஆயர் மாத்தா புவாயா' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'குரோக்கடைல் டியர்ஸ்'. மூன்று மொழியிலும் ஒரே முதலைதான் அழுகிறது! தமிழன் மாலையில் காற்று வாங்கப் போகிறான். மலாய்க்காரர் 'மாக்கான் ஆங்கின்' என்று காற்றைச் சாப்பிடப் போகிறார். வாங்குவதும் சாப்பிடுவதும் வேறு, போவது உலாவத்தான். 'கைகழுவுதல்' என்ற நம் தொடரை ஆங்கிலேயரும் அதே கை, அதே தண்ணீர் என்று சொல்கிறார்கள்.

மூன்று மொழி படிக்கும் பிள்ளைக்குச் சுமை அதிகம் என்று வருந்துகிறோம். சொற்கள் நேர்ப்பொருளை விட்டு விலகிப் பேசும் என்பதை அந்தப் பிள்ளை ஏற்கெனவே இரண்டு மொழிகளில் பழகியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். ஆகவே பெற்றோர்களே, ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழைக் கைகழுவி விடாதீர்கள். தமிழ் தெரிந்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சிக்கு அடித்தளம் தமிழில் இருக்கிறது.

நம் ஊர் ஆங்கிலமும் பாலத்துக்கு அப்பாலும்

'புட் ஆஃப் த லைட்' என்றால் விளக்கை நிறுத்து என்றுதான் நம் ஊரில் பொருள். 'புக்கா லம்பு' என்ற மலாய் வழக்கிலிருந்து 'ஓப்பன் த லைட்' என்கிறோம். நமக்குள் பேசிக்கொள்ள இதில் குறை ஒன்றுமில்லை. சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் இதுதான் நம்மை ஒட்டி வைக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவர் ஜப்பானியராகவோ ஜெர்மானியராகவோ இருந்தால், அவர் பள்ளியில் படித்த ஆங்கிலத்தைத்தான் பேசுவார். நம் ஊர் வழக்கு அவருக்குத் தெரியாது.

ஜொகூர் மக்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. 1924-இல் திறக்கப்பட்ட பாலமும், 1998-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலமும் நம்மை அக்கரையோடு இணைக்கின்றன. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. வேலைகள் வரும்போது நேர்முகத் தேர்வும் வரும். 'டைம் ஆஃப்' என்றால் ஓய்வு, மகிழ்ச்சி. 'லே ஆஃப்' என்றால் ஆள்குறைப்பு, வேலையே போயிற்று. 'கால் ஆஃப்' என்றால் ரத்து. 'பே ஆஃப்' என்றால் கடனை அடைத்துத் தீர்ப்பது. 'ஆஃப்' ஒன்றுதான். ஆனால் குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும் வேறுபாடு அதில் இருக்கிறது.

எத்தனை படிக்க வேண்டும்?

"அகராதியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, எதைப் படிப்பது?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 2007-இல் கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பை ஆராய்ந்தார்கள். அதில் வந்த கூட்டுவினைகளில் பாதிக்கு மேற்பட்டவை வெறும் 100 கூட்டுவினைகள் திரும்பத் திரும்ப வந்தவையே என்று கண்டார்கள். 'கோ ஆன்', 'கேரி அவுட்', 'பிக் அப்', 'ஃபைண்ட் அவுட்', 'பாயின்ட் அவுட்' போன்றவை முன்வரிசையில் நிற்கின்றன. என்னை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிறுத்திய அதே 'கேரி அவுட்'! 2015-இல் கார்னியே, ஷ்மிட் என்ற ஆய்வாளர்கள் 150 கூட்டுவினைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதிகம் வழங்கும் பொருள்களை மட்டும் பட்டியலிட்டார்கள்.

வாரத்துக்கு ஐந்து என்று கணக்குப் போடுங்கள். 20 வாரத்தில் 100. 30 வாரத்தில் 150. ஒரு பள்ளியாண்டுக்குள் முடிகிற வேலை இது. கடலைக் குடிக்கச் சொல்லவில்லை. தினம் ஒரு குவளைதான்.

பழகும் முறை

முதலாவது, பட்டியலாகப் படிக்காதீர்கள். 'கிவ் அப், கிவ் இன், கிவ் அவே' என்று ஒரே வினையின் கீழ் அடுக்கி மனப்பாடம் செய்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். ஒவ்வொன்றையும் உங்கள் வாழ்க்கையைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் வையுங்கள். 'அப்பா புகை பிடிப்பதை கிவ் அப் செய்தார்' என்ற செய்தியை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதினால் அது மறக்காது. அது உங்கள் அப்பா அல்லவா!

இரண்டாவது, துணைச்சொல்லின் படத்தைப் பாருங்கள். 'ஈட் அப்', 'யூஸ் அப்', 'ஃபில் அப்' என்பவற்றில் 'அப்' என்பது முழுமையைக் காட்டுகிறது. தமிழில் 'சாப்பிட்டுவிடு' என்பதில் வரும் 'விடு' போல. 'ஆஃப்' பெரும்பாலும் விலகுவதையும் அறுபடுவதையும் காட்டும். 'ஃபைண்ட் அவுட்', 'பாயின்ட் அவுட்' என்பவற்றில் 'அவுட்' மறைந்திருந்தது வெளியே வருவதைக் காட்டும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் ஊகிப்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

மூன்றாவது, இடம் அறிந்து வையுங்கள். 'பிக் அப் மை சன்' என்றும் சொல்லலாம், 'பிக் மை சன் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'ஹிம்' என்ற சுட்டுப்பெயர் வந்தால் 'பிக் ஹிம் அப்' என்று நடுவில்தான் வர வேண்டும். 'பிக் அப் ஹிம்' என்பது பிழை. 'லுக் ஆஃப்டர்' என்பதையோ பிரிக்கவே முடியாது; 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றுதான் வரும்.

நான்காவது, அட்டைப் பெட்டி. மனிதன் எவ்வளவு விரைவில் மறக்கிறான் என்பதை ஜெர்மானியர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்து 1885-இல் எழுதினார். மறக்கும் முன்பே திரும்பப் பார்த்தால் நினைவு நிலைக்கும். அதற்கு 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் எளிய வழி ஒன்றைப் பரப்பினார். பழைய காலணிப் பெட்டி ஒன்று போதும். அதை மூன்று அறையாகத் தடுங்கள். அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலத் தொடர். மறு பக்கம் தமிழ், மலாய்ப் பொருளும் உங்கள் வாக்கியமும். புதிய அட்டை முதல் அறையில். அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறை. மூன்று நாளுக்கு ஒருமுறை. மறுபடியும் சரி என்றால் மூன்றாம் அறை, வாரம் ஒருமுறை. தவறினால் மீண்டும் முதல் அறை. தினம் பத்து நிமிடம் போதும். செலவு ஐந்து வெள்ளிகூட ஆகாது.

ஐந்தாவது, காதைப் பழக்குங்கள். சிங்கப்பூரின் ஆங்கில வானொலி ஜொகூர் பாருவில் தெளிவாகக் கேட்கிறது. 'புட் ஆஃப்' போன்ற பெரும்பாலான கூட்டுவினைகளில் அழுத்தம் இரண்டாவது சொல்லில் விழும். அந்த அழுத்தத்தைக் கேட்டதும் 'இது தனி வினை அல்ல, கூட்டு' என்று காது எச்சரிக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஸ்.பி.எம். கட்டுரையில் அணி சேர்க்க வேண்டும் என்று, நாய் பூனையாக மழை பெய்ததாக எழுதாதீர்கள். இன்று அப்படிப் பேசுகிறவர்கள் குறைவு. இடத்துக்குப் பொருந்தாத மரபுத்தொடர், இரவல் நகை போட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்துவிடும். அதிகாரப்பூர்வ கடிதத்தில் 'போஸ்ட்போன்' என்றே எழுதுங்கள். நண்பரிடம் 'புட் ஆஃப்' என்று பேசுங்கள்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம்

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. 150 கூட்டுவினை படித்தாலும் 151-ஆவது ஒன்று வந்து நிற்கும். அப்போது காப்பாற்றப் போவது ஒரே ஒரு சிறு கேள்விதான். 'யூ மீன்...?' அதாவது, 'இதைத்தானே சொல்கிறீர்கள்?' என்று நாம் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லிக் கேட்பது.

நம் சமூகத்தில் கேட்பதை அவமானமாக நினைக்கும் பழக்கம் இருக்கிறது. தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையிடம் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். தலையாட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது அன்று அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். இன்று அதுவே நமக்குப் பாதகம். பிள்ளை தப்பாக ஆங்கிலம் பேசினால் சிரிக்கும் வீட்டில், அந்தப் பிள்ளை அடுத்த முறை பேசாது. பேசாத பிள்ளைக்கு எந்தப் பெட்டியும் எந்த அட்டையும் உதவாது. என்னைப் பார்த்து அன்று வகுப்பு சிரித்தபோது, நான் பல மாதம் அறிவியல் ஆசிரியரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்த இழப்பு எனக்குத்தான்.

என் அண்ணன் கதைக்கு வருகிறேன். நாற்பது வயதைத் தாண்டியவர். இப்போது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு காலணிப் பெட்டி இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவர் மகள்தான் அட்டை எழுதுகிறாள். இரவு உணவுக்குப் பின் அப்பா மகளைக் கேட்பார், மகள் அப்பாவைக் கேட்பாள். தோற்றவர் தட்டுக் கழுவ வேண்டும். பெரும்பாலும் அண்ணன்தான் கழுவுகிறார்.

சில வாரங்களுக்கு முன் அதே மேலாளர் மறுபடியும் தொலைபேசியில் அழைத்து, ஒரு வேலையை 'ஹோல்ட் ஆஃப்' செய்யச் சொன்னாராம். அந்த அட்டை இன்னும் பெட்டிக்கு வரவில்லை. அண்ணனுக்கு நெஞ்சு படபடத்தது. ஆனால் இம்முறை 'யெஸ்' சொல்லவில்லை. "யூ மீன் வெயிட்? மெஷின் ஸ்டில் ரன்னிங்?" என்று கேட்டார். "ஆமாம், காத்திருங்கள், இயந்திரம் ஓடட்டும். கேட்டது நல்லது" என்று மேலாளர் பதில் சொன்னார்.

அண்ணன் பேசிய அந்த ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருக்கலாம். ஆனால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவு பெட்டியில் ஒரு புதிய அட்டை சேர்ந்தது.

நீங்களும் இன்றிரவே ஓர் அட்டை எழுதுங்கள். தயவுசெய்து அதை மட்டும் 'புட் ஆஃப்' செய்துவிடாதீர்கள்.